எஃப் 64.0-உம் ஒரு பாகப்பிரிவினையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாயாரின் கேள்வி வந்திருந்தது. 17 வயது மகள் முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறாள், பாவாடை தாவணி பக்கமே போக மாட்டேன் என்கிறாள், அண்ணன் சட்டையைத்தான் எடுத்துப் போடுகிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பதில் மொத்தமே ஒன்பது வரி. இது ‘பாலின அடையாளக் கோளாறு’ என்னும் மனநோய், தொடக்கத்திலேயே ஆலோசனை கொடுத்தால் மாற்றிவிடலாம், கவலை வேண்டாம் என்பது அதன் சாரம்.

அந்த ஒன்பது வரி எங்கள் வீட்டில் என்ன வேலை செய்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் வரும். வெட்டித்தான் போடுவீர்கள் என்று தெரியும். முன்னால் எதை வெட்டினாலும் கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. 29 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவள். வார்டிலிருந்து கேஸ் ஷீட் கட்டுக் கட்டாக வரும். டாக்டர் எழுதியிருக்கும் நோயின் பெயரைப் படித்து, அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்னும் நோய்ப் பட்டியல் புத்தகத்தில் என்ன எண் என்று பார்த்து, மேல் மூலையில் சிவப்பு மையில் எழுத வேண்டும். டாக்டர் கையெழுத்து புரியாவிட்டால் வார்டுக்கே ஓடிப்போய்க் கேட்டு வருவேன். மனநல வார்டுக் கேஸ் ஷீட்டுகளைப் பார்க்க மற்றவர்கள் சுணங்குவார்கள் என்பதால் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எண் வழியாகத் தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் இருந்தது ஒன்பதாம் பதிப்பு. அதில் 302 என்று ஒரு தலைப்பு, ‘பாலியல் பிறழ்வுகளும் கோளாறுகளும்’. 302.5 என்பது பிறந்தபோது எழுதப்பட்ட பாலுக்கு மாறான பாலில் வாழ விரும்புகிறவர்களுக்கு. அதே தலைப்பில் 302.0 தன்பாலீர்ப்பு. அந்த எண்ணுக்குக் கீழே ஒரு குறிப்பு உண்டு: இது மனநோயாகக் கருதப்பட்டாலும் கருதப்படாவிட்டாலும் இங்கேயே எண்ணிடவும். எழுத்தராக இருந்தவளுக்கு இதைவிட விசித்திரமான உத்தரவு கிடையாது. நோயா இல்லையா என்று எங்களுக்கே தெரியாது, ஆனாலும் நோய்ப் புத்தகத்தில் நீ எழுதிவிடு என்று பெரிய இடத்தில் இருப்பவர்களே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

1997-ஆ, 98-ஆ, சரியாக நினைவில்லை. ஒருநாள் ஜன்னலில் ஒரு பையன் வந்து நின்றது. (‘பையன்’ என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கு எழுதினால் திருநங்கை என்று எழுதுவேன். அந்த வார்த்தையே அப்போது கிடையாது.) 19, 20 வயது இருக்கும். நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் மூன்று சுற்று மந்திரித்த கயிறு. பேய் விரட்ட ஒரு கோயிலில் பத்து நாள் கட்டிப் போட்டுவிட்டு, பிறகு எங்கள் ஆஸ்பத்திரி மனநல வார்டில் சேர்த்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தொலைத்துவிட்டதால் மறு சோதனைக்கு நம்பர் வேண்டும் என்று வந்தது. நான் கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன்.

“அக்கா, அதுல எனக்கு என்ன சீக்குன்னு எழுதியிருக்கு?”

302.5 என்று நான்தான் எழுதியிருந்தேன், சிவப்பு மையில். அதைத் தமிழில் எப்படிச் சொல்ல? வார்டில் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையை இங்கே எழுத எனக்கு மனமில்லை. திக்கித் திணறி, “உடம்பு ஆம்பளை, மனசு பொம்பளைன்னு எழுதியிருக்கு” என்றேன்.

“அதுதான் எனக்கே தெரியுமே. சீக்கோட பேரைச் சொல்லுங்க.”

நம்பரை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறு சோதனைப் பதிவேட்டில் அதன் பிறகு அந்தப் பெயர் வரவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த மருந்துகள் எல்லாம், காதில் குரல் கேட்கிறது என்று வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்துகள். குரல் கேட்டதாக எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

பிறகு பத்தாம் பதிப்பு வந்தது. அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதார மன்றம் அதை ஏற்றுக்கொண்டது 1990-இல். எங்கள் மேசைக்கு வந்து சேரவும் நாங்கள் பழகவும் பல வருடம் ஆயிற்று. பழைய எண்ணை அடித்துப் புது எண்ணைப் போடாத கேஸ் ஷீட் கட்டுகள் நான் ஓய்வு பெறும்வரை அலமாரியில் இருந்தன. பத்தாம் பதிப்பில் தன்பாலீர்ப்பு தனி நோயாக இல்லை. ஆனால் 302.5 போகவில்லை. எஃப் 64.0 என்று பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தது. ‘எஃப்’ என்றால் மனநோய் இயல். எஃப் 60 முதல் 69 வரை ஆளுமைக் கோளாறுகளும் நடத்தைக் கோளாறுகளும். எஃப் 64-க்கு முந்தைய வீட்டுக்காரர்கள் யார் தெரியுமா? எஃப் 63.0 சூதாட்ட வெறி, 63.1 தீ வைக்கும் வெறி, 63.2 திருட்டு வெறி, 63.3 தலைமுடியைப் பிய்த்துக்கொள்வது. அதற்கடுத்த வாசல் இவர்களுடையது. மாறான பாலில் வாழும் விருப்பம் குறைந்தது இரண்டு வருடம் விடாமல் இருக்க வேண்டும், மனச்சிதைவு போன்ற வேறு நோயின் அறிகுறியாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை. நிபந்தனை நியாயமாகத்தான் தெரிந்தது. அக்கம்பக்கம்தான் உறுத்தியது.

இந்தப் பெயர்களை யார் வைக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. எங்கள் பிரிவுத் தலைவராக இருந்த டாக்டர் ஒருவர் சாயங்கால வேளைகளில் பொறுமையாகச் சொல்லுவார். மீதியை ஓய்வு பெற்ற பிறகு நானே படித்துக்கொண்டேன். ஐ.சி.டி. உலகத்துக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் டி.எஸ்.எம். என்று மனநோய்களுக்குத் தனியாக ஒரு கையேடு வைத்திருக்கிறது. நம் ஊர் டாக்டர்கள் அதையும் புரட்டுவார்கள். 1952-இல் வந்த அதன் முதல் பதிப்பு தன்பாலீர்ப்பைக் கோளாறு என்றது. 1972-இல் டாலஸ் நகரில் நடந்த அந்தச் சங்கத்தின் மாநாட்டில் ஒரு டாக்டர் ரப்பர் முகமூடி, விக், தொளதொள கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டு, குரலை மாற்றும் மைக்கின் முன் உட்கார்ந்து, தானும் ஒரு தன்பாலீர்ப்பாளர், தானும் ஒரு மனநல மருத்துவர் என்று பேசினார். அவர் ஜான் ஃப்ரையர். முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்கிற பயம். மறு வருடம் டிசம்பரில் சங்கத்தின் நிர்வாகக் குழு அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. எதிர்த்தவர்கள் உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு கேட்டார்கள். 1974-இல் நடந்த வாக்கெடுப்பில் 58 சதவீதம் பேர் எடுத்தது சரி என்றார்கள். மஞ்சள் காமாலை நோயா இல்லையா என்று யாரும் ஓட்டுப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

1980-இல் அதே கையேட்டின் மூன்றாம் பதிப்பில், பால் மாறி வாழ விரும்புகிறவர்களுக்கென்று முதன்முறையாகத் தனிப் பெயர் ஏறியது, சிறுவர்களுக்கென்று இன்னொரு பெயரும். 1987-இல் இவற்றைக் குழந்தைப் பருவக் கோளாறுகள் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். 1994-இல் வேறு பக்கம், வேறு பெயர்: பாலின அடையாளக் கோளாறு. உங்கள் பதிலில் வந்த பெயர் இதுதான். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதையும் எடுத்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது ‘பாலின மனவுளைச்சல்’. கோளாறு என்ற சொல் போய், உளைச்சல் வந்தது. உடலுக்கும் உள்ளுணர்வுக்கும் இருக்கும் இடைவெளியால் ஒருவருக்கு ஆறு மாதமாவது கடும் வேதனையோ, வாழ்க்கையில் முடக்கமோ இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். இடைவெளி இருந்து வேதனை இல்லையென்றால் போட முடியாது. ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதை நோய் என்று சொல்வதைக் கைவிட்டு, அதனால் அவர் படும் பாட்டுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களும் உண்டு. மெக்சிகோ நகரில் 250 திருநர்களிடம் பேசி 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மன வேதனையையும் முடக்கத்தையும் எது கூட்டுகிறது என்று பார்த்தால், உடலுக்கும் உணர்வுக்கும் இருந்த பொருத்தமின்மையைவிட, வீட்டாரும் ஊராரும் ஒதுக்கியதும் அடித்ததும்தான் முன்னால் நின்றது. பத்து நாள் கட்டிப் போட்ட கோயில் எனக்கு நினைவுக்கு வந்தது.

உலக சுகாதார நிறுவனமும் மாறியது. பதினொன்றாம் பதிப்பை 2019 மே மாதம் உலக சுகாதார மன்றம் ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் அது நடப்பு. அதில் எஃப் 64 கிடையாது. எச்ஏ 60, ‘பாலினப் பொருத்தமின்மை’. மனநோய்கள் ஆறாவது இயல். இது பதினேழாவது இயலில், பாலியல் நலம் என்ற தலைப்பில் இருக்கிறது. அடுத்த பதினெட்டாம் இயல் கர்ப்பமும் பிரசவமும். சூதாட்டக்காரனுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்து வீட்டுக்கு வந்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் தெளிவாக எழுதியிருக்கிறது: ஒருவரின் நடத்தையும் விருப்பங்களும் வழக்கத்துக்கு மாறாக இருப்பது மட்டுமே இந்த எண்ணைப் போடப் போதாது. அந்தத் தாயார் எழுதியிருந்தது என்ன? முடி, சட்டை, தாவணி. ஆளைப் பார்க்காமல், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசாமல், இதை வைத்து உங்கள் மருத்துவர் நோய்க்குப் பெயர் சூட்டிவிட்டார். என் சித்தி மகள் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள், இன்றுவரை கிராப்தான். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

எச்ஏ 60-உம் எதற்கு, எண்ணே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 29 வருடத்தில் நான் அதிகம் எழுதிய எண் எது என்றால் ஓ 80. சுகப்பிரசவம். அது நோயா? ஆனால் எண் இல்லாவிட்டால் கட்டில் இல்லை, மருந்துக் கணக்கு இல்லை, காப்பீடு இல்லை. ஹார்மோனோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்க ஏதோ ஓர் எண் வேண்டும். அது மனநோய் எண்ணாக இருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். பருவம் அடையாத சிறுவர்களுக்கான எச்ஏ 61 தேவைதானா என்று பெரிய சண்டையே நடந்தது. அதில் எனக்குமே தயக்கம் உண்டு. வளரிளம் பிள்ளைகளுக்கு எந்த வயதில் என்ன மருந்து என்பதிலும் பிரிட்டனில் இந்தச் சிகிச்சைகளை ஆராய்ந்து 2024-இல் வந்த காஸ் அறிக்கைக்குப் பிறகு வாதம் சூடாகத்தான் இருக்கிறது. அதெல்லாம் டாக்டர்கள் பேசி முடிக்க வேண்டியது.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் சின்ன அண்ணனின் ஒரே பிள்ளைக்கு இப்போது 26 வயது. பெண்ணாகப் பிறந்து வளர்ந்து, இன்று திருநம்பி. வீட்டில் நான் ‘தம்பி’ என்பேன். அண்ணன் செங்கல் காளவாசலில் வேலை பார்த்தவர். பன்னிரண்டாவது முடித்ததும் பிள்ளையை ஸ்பின்னிங் மில்லுக்கு அனுப்பினார்கள். மில்லின் பெண்கள் விடுதியில் நான்கு வருடம். 2023-இல் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னபோது, ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். ஹார்மோன் மருந்து தொடங்க அவர் கடிதம் தேவைப்பட்டது. அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தவில்லை, என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகவும் பேசினார். ஆனால் பழைய பாடம்.

“சின்ன வயசுல பொம்மை வச்சு விளையாடுவியா, கார் வச்சு விளையாடுவியா?”

“எங்கப்பா காளவாசல்ல வேலை பார்த்தார் சார். ஒடஞ்ச கல்லும் சாம்பலும்தான் இருக்கும்.”

அடுத்து, ஒரு வருடம் முழுக்க ஆணாக வாழ்ந்துவிட்டு வா, பிறகு கடிதம் தருகிறேன் என்றார். பெண்கள் விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளை அங்கே ஆணாக வாழ்வது எப்படி என்று நான் கேட்டேன். மேலே மின்விசிறியைப் பார்த்தார். நல்ல மனுஷன், மூன்றாவது தடவை போனபோது கடிதம் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் தம்பி சிரித்துக்கொண்டே, “ஃப்ரெண்ட்ஸ் முன்னாடியே சொன்னாங்க அத்தை, மூணு வயசுலயே தெரியும், கண்ணாடி பார்க்கவே பிடிக்காதுன்னு சொல்லு, சீக்கிரம் எழுதிக் குடுப்பாங்கன்னு. எனக்குப் பொய் வரல” என்றான்.

இதுவும் புதுக் கதையில்லை. அமெரிக்காவில் ஹாரி பெஞ்சமின் என்ற டாக்டர் 1966-இல் இதைப் பற்றி எழுதிய நூலை, சிகிச்சைக்கு வந்தவர்களும் படித்திருந்தார்கள். அந்த நூலில் இருந்த மாதிரியே வந்து சொன்னார்கள். பார்த்தாயா, எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று டாக்டர்கள் அசந்துபோனார்கள். விஷயம் விளங்கச் சில வருடம் பிடித்தது. கதவுக்கு எந்தச் சாவி பொருந்தும் என்று தெரிந்தால் யார்தான் வேறு சாவியோடு போய் நிற்பார்கள்?

கடிதத்தின் அடியில் நோய் என்ற இடத்தில் டாக்டர் எழுதியிருந்தது எஃப் 64.0. பக்கத்தில் அடைப்புக்குள் ‘மனநலப் பிரிவு’. நான் பார்த்தேன். வாய் வரை வந்தது. புது எண் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதே டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். கடிதம் கிடைத்ததே பெரிது என்று மடித்து வாங்கி வந்துவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

போன வருடம் சின்ன அண்ணன் தவறிவிட்டார். பூர்வீக மானாவாரி நிலம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட், பெரிய அண்ணனுக்கும் தம்பிக்கும் எனக்குமாகப் பாகப்பிரிவினை எழுதப் பேசி முடித்தோம். (மகன் என்றாலும் மகள் என்றாலும் பங்கில் கூடுதல் குறைவு ஒன்றுமில்லை. பெண்பிள்ளைக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே யாருக்கும் இதில் ஒரு சென்ட் நட்டமில்லை.) ஒரு புதன்கிழமை காலை, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் பத்திர எழுத்தர் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். எழுத்தர் வரைவை வாசிக்கிறார்: “...நாங்கள் அனைவரும் நல்ல நினைவோடும் சித்த சுவாதீனத்தோடும் யாருடைய தூண்டுதலும் இன்றி மனப்பூர்வமாகச் சம்மதித்து...”

“அதை எப்படிப் போடுவீங்க?” என்றார் பெரிய அண்ணன்.

பையிலிருந்து இரண்டு தாள் எடுத்தார். ஒன்று டாக்டர் கடிதத்தின் நகல். வாரிசுச் சான்றிதழுக்காகக் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் ஆதார் நகல்களோடு அதுவும் போயிருக்கிறது. இன்னொன்று கத்தரித்து எடுத்த செய்தித்தாள் துண்டு. உங்கள் ஒன்பது வரி. ‘மனநோய்’ என்ற சொல்லுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

“சித்தம் சரியில்லாத பிள்ளை கையெழுத்து செல்லுமா? நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா யார் பொறுப்பு? கார்டியனா நான் போட்டுக்கிறேன்.”

தம்பி ஒன்றும் பேசவில்லை. மேசை மேலிருந்த மை ஒற்றும் அட்டையை எடுத்துத் தன் கட்டைவிரலில் தேய்த்துக்கொண்டே இருந்தான், மை தொட்டிராத விரலில்.

எழுத்தர் பேனாவை மூடிவிட்டார். அன்றைக்கு நாங்கள் திரும்பிவிட்டோம். இராத்திரி உட்கார்ந்து 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்தேன். மூன்றாம் பிரிவை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். மனநோயா என்று தீர்மானிப்பதற்கான தரநிலைகளைச் சொல்லும்போது, உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் அண்மைப் பதிப்பை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த அண்மைப் பதிப்பில் இது மனநோய் இயலிலேயே இல்லை. ஊரின் ஒழுக்கத்துக்கும் பண்பாட்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி ஆக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்தாலும் அதை மட்டும் வைத்து அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது. உரிய நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் அது செல்லும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு எத்தனை பேர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்! அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வரி.

மறுநாள் எழுத்தரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “அம்மா, எனக்கு இது போதும். உங்க அண்ணனுக்குப் போதுமான்னு பாருங்க” என்றார்.

போதவில்லை. பெரிய அண்ணன் சொன்னது இதுதான்: “சட்டம் கிடக்கு சட்டம். பேப்பர்லயே போட்டிருக்கான்ல?”

ஐயா, எங்கள் அண்ணன் உங்கள் பத்திரிகையை நாற்பது வருடமாக வாங்குகிறவர். பக்கத்து டீக்கடையில் ஓசியில் படிக்கலாம், மாட்டார். காசு கொடுத்து வாங்கி, முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படித்துவிட்டு மடித்துப் பரண்மேல் வைப்பவர். உலக சுகாதார நிறுவனம் சொன்னால் அவருக்கு அது தூரத்துச் சங்கதி. நீங்கள் சொன்னால் நடந்ததுதான்.

இன்னொன்றையும் உங்கள் ஆசிரியர் குழு கவனிக்க வேண்டும். ‘மாற்றிவிடலாம்’ என்று உங்கள் மருத்துவர் எழுதியிருப்பது சாதாரண ஆறுதல் வார்த்தை இல்லை. திருநர்களின் பாலின அடையாளத்தையோ ஒருவரின் பாலீர்ப்பையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை சொன்னது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த அந்த உத்தரவுக்கு முன், தனக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஒரு நீதிபதிக்கு இருந்த அந்தக் கூச்சம் நம் எல்லோருக்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம். அந்த வழக்கைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் இப்படி மாற்ற முயலும் வைத்தியத்தைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒழுங்கீனம் என்று ஆணையம் சொன்னதை ஒரு மருத்துவர் உங்கள் பக்கத்தில் ஆலோசனையாகக் கொடுக்கிறார், நீங்களும் அவர் படத்தோடு அச்சிடுகிறீர்கள்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லியிருக்கலாம் என்று கேட்பீர்கள். முடியையும் சட்டையையும் விட்டுவிட்டு அந்தப் பிள்ளையிடம் என்னவென்று கேளுங்கள், தூக்கம் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள், படிப்பில் விழுந்துவிட்டாளா, யாராவது அடிக்கிறார்களா, சாக வேண்டும் என்று பேசுகிறாளா, அப்படியென்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். இதற்கும் ஒன்பது வரி போதும். மனநல மருத்துவரே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா இறந்த பிறகு தம்பிக்கு மூன்று மாதம் தூக்கம் வராமல் அதே மருத்துவரிடம்தான் போனான், மாத்திரையும் சாப்பிட்டான், குணமானது. அது வியாதி, அதற்கு வைத்தியம். அந்தச் சீட்டைப் பற்றி எந்த அண்ணனுக்கும் ஆட்சேபம் இல்லை.

நான் கேட்பது இரண்டு. ‘பாலின அடையாளக் கோளாறு’ என்ற பெயர் அமெரிக்கக் கையேட்டிலிருந்து 2013-இல் நீங்கிவிட்டது, உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய பட்டியலில் இது மனநோய் இல்லை, மாற்றிவிடலாம் என்பது தவறான ஆலோசனை என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதை ஏழாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போடாதீர்கள். அதே ஞாயிறு இணைப்பில், அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். பெரிய அண்ணனின் கத்தரிக்கோல் அந்தப் பக்கத்தை எட்ட வேண்டும். இரண்டாவது, இனி இந்த மாதிரிக் கேள்வி வந்தால் அச்சுக்குப் போகுமுன் ஒரு திருநரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

டாக்டர் கடிதத்துக்கு நான் போன வாரம் ஒரு வழி செய்தேன். அதே மருத்துவரிடம் போய், பதினொன்றாம் பதிப்பின் அந்தப் பக்கத்தைக் காட்டி, எண்ணை மாற்றித் தரக் கேட்டேன். “நீங்க மெடிக்கல் ரெக்கார்டா?” என்று சிரித்தவர், புதுத் தாள் எடுத்து எச்ஏ 60 என்று எழுதிக் கொடுத்தார். ‘மனநலப் பிரிவு’ அடைப்பையும் விட்டுவிட்டார். இரண்டு நிமிட வேலை. கட்டணமும் வாங்கவில்லை.

என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை, பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. வளர்பிறையில் மறுபடி போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவப் பதிவேட்டு ஊழியை,
விருதுநகர் மாவட்டம்.